என் கத்தரிக்கோல் ஆயுதம் இல்லையாம்

ஒரு பிளாஸ்டிக் மக்குக்கு என் ஆறு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என் மாமியார். ரோஸ் கலர் மக்கு. கைப்பிடியில் இருந்த பிசிறைக்கூடத் தேய்க்காத மக்கு. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று கட்டிலுக்கு அடியில் இருந்த என் இரண்டு கோணிகளையும் வாசலுக்கு வந்த பழைய சாமான் வண்டிக்காரரிடம் போட்டுவிட்டு, பதிலுக்கு அந்த மக்கை வாங்கி பாத்ரூமில் வைத்திருந்தார். சாயங்காலம் வந்து கை கால் கழுவப் போன நான் அதில்தான் தண்ணீர் மொண்டேன். "புது மக்கு நல்லா கீதே அத்தே" என்று வேறு சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அந்தக் கோணிகளில் என்ன இருந்தது என்று சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என் மாமியார் பக்கம் போய்விடுவீர்கள். போங்கள். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான் கொலாஜ் செய்கிறவள். பேப்பர், துணி, தகரம், நூல், பெயின்ட் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் ஒட்டி, தேய்த்து, சுரண்டி, மறுபடி மேலே ஒட்டிப் படமாக்குகிற வேலை. சம்பளத்துக்கு அல்சூரில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். வீடு மர்பி டவுனில், நடந்து போகிற தூரம். கிளினிக் ஹாலில் கிடக்கும் பழைய பத்திரிகைகளை மாதா மாதம் கழித்துக் கட்டுவது என் பொறுப்பு. ஒரு மழை நாளில் நோயாளி ஒருவரும் வரவில்லை. கை சும்மா இருக்கமாட்டாமல், ஒரு கட்டுப் பத்திரிகைகளில் வானம் வருகிற இடங்களை மட்டும் கத்தரித்தேன். பதினேழு வானம் கிடைத்தது. ஒன்றின் நீலம் இன்னொன்றில் இல்லை. அவற்றைப் பழைய டைரி அட்டையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

முறையாகக் கற்றுக்கொள்ளலாம் என்று இந்திராநகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனதும் உண்டு. போவதற்கு முன்னால் போனுக்கு ஒரு பட்டியல் வந்தது, வாங்கி வரவேண்டிய சாமான்கள் என்று. பழசாகத் தெரியும்படி தயாரித்த பேப்பர் ஒரு பாக்கெட். துருப்பிடித்தது போல வண்ணம் பூசிய தகட்டுத் துண்டுகள் ஒரு பாக்கெட். யாரோ யாருக்கோ எழுதிய பழைய கடிதம் போல அச்சடித்த தாள்கள் ஒரு கட்டு. எல்லாம் கப்பலில் வந்து இறங்கிய சரக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் நிஜத் துருவுக்கா பஞ்சம்? எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்மின் மூடியைத் தூக்கிப் பார்த்திருந்தால் அந்தக் கம்பெனிக்காரன் தொழிலையே விட்டிருப்பான். நான் எதையும் வாங்கவில்லை. டிரம் மூடியில் இருந்து உடைந்த ஒரு துண்டைத்தான் கொண்டுபோனேன். வகுப்பு எடுத்த பெண் அதைத் தூரத்தில் இருந்தே பார்த்து, "அதைத் தொடாதீங்க, இன்ஃபெக்‌ஷன் ஆயிடும், உள்ள வெச்சிடுங்க" என்றார். மற்ற எல்லோரும் பாக்கெட்டைப் பிரித்துப் பொய்த் துருவை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு சரி.

அதன் பிறகு ஊரே எனக்குக் கடையாகிவிட்டது. கிளினிக்குக்குப் போகிற வழியில் ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. சினிமா, கட்சி, கோயில் திருவிழா, டியூஷன், மூல வியாதி வைத்தியம், எல்லாப் போஸ்டரும் அதில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். கன்னடத்துக்கு மேல் தமிழ், தமிழுக்கு மேல் இங்கிலீஷ், அதற்கு மேல் மறுபடி கன்னடம். மழை பெய்து மறுநாள் வெயில் அடித்தால் விளிம்பு கிளம்பி நிற்கும். அப்போது கையை விட்டு இழுத்தால் அட்டைக் கனத்துக்கு ஒரு பாளமாக வரும். அதை ராத்திரி பக்கெட்டுத் தண்ணீரில் போட்டுவைத்தால் மைதாப் பசை கரைந்து காலையில் ஏடு ஏடாகப் பிரியும். சில தாள்களின் பின்பக்கம் நீலமாக இருக்கும். அந்த நீலத்தை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரை மட்டும் தொடமாட்டேன். செத்தவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மழையில் அதுவாக உரிந்து கீழே விழுந்தால்தான் எடுப்பேன், அதிலும் முகத்தை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும். கட்சிப் போஸ்டர் வேறு மாதிரித் தொல்லை. ஒரு நாள் பைக்கில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, "ஏம்மா, எங்க லீடர் மூஞ்சியக் கிழிக்கறியா?" என்று கேட்டார். "உங்க லீடரு மேல கீறாருண்ணா, நான் அவருக்கு அடியில கீற டியூஷன் சென்டரத்தான் எடுக்கறேன்" என்றேன். கிட்ட வந்து குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டுதான் போனார்.

கல்யாணப் பத்திரிகைகள் கிளினிக் டாக்டரம்மாவிடம் இருந்து வந்தன. மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். வருகிற பத்திரிகைகளை எல்லாம் அவர்கள் வீட்டுப் பரணில் கட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். "பிள்ளையார் படம் போட்டிருக்கு, குப்பையில போட மனசு வரலை. வெச்சிருக்கவும் இடம் இல்லை. நீ எடுத்துட்டுப் போனா புண்ணியம்" என்றார். போய்ப் பார்த்தால், வெல்வெட் ஒட்டியது, பட்டு நூல் கட்டியது, நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் காய்ந்து காவி நிறமாகிப்போனது என்று ஒரு பொக்கிஷம். இரண்டு பஸ் மாறி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சாமி படங்களை நான் வெட்டுவதில்லை. சுற்றி வெட்டி, தனியாக ஒரு கவரில் போட்டு, ஜனங்கள் உடைந்த சாமி படங்களை வைக்கிற அரச மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். இது என் மாமியாருக்கும் தெரியும். தெரிந்தும், "சாமிய வெட்றவ" என்று எதிர்வீட்டில் சொல்லியிருக்கிறார்.

பஸ் டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது மெஷினில் வருகிற டிக்கெட்டை நம்பவே கூடாது. வெயிலில் வைத்தால் எழுத்து ஓடிவிடும், சூடு பட்டால் கறுத்துவிடும். ஒரு முழுப் படம் எனக்கு அப்படிப் பாழானது. அதனால் பழைய அச்சு டிக்கெட் யாரிடமாவது பர்ஸின் உள்ளறையில் இருந்தால் வெட்கப்படாமல் கேட்டு வாங்கிவிடுவேன். தையல்கடை அக்கா பிளவுஸ் லைனிங் துண்டுகளை எனக்காக ஒதுக்கி வைப்பார். லேமினேட் கடையில் சாம்பிளாகக் கொடுக்கிற, மூலையில் ஓட்டை போட்ட சின்ன வில்லைகளைக் கேட்டு வாங்குவேன். வெள்ளைத் தாளைப் பழசாக்க எனக்குப் பாக்கெட் வேண்டாம், காபி ஃபில்டரில் இரண்டாவது தடவை இறங்குகிற டிகாக்‌ஷன் போதும்.

கருவிகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். தையல்காரர்கள் பிடிக்கிற பெரிய கத்தரிக்கோல், சாணை பிடிக்கிறவர் தெருவுக்கு வரும்போதெல்லாம் முதல் ஆளாகக் கொண்டுபோய் நீட்டுவேன். அட்டை வெட்டும் கட்டர். காற்றுக் குமிழியை அழுத்தி வெளியேற்ற, சப்பாத்திக்கு என்று வாங்கி ஒரு சப்பாத்திகூடப் போடாத உருளைக் கட்டை. மேலே பாரம் வைக்க இரண்டு கிரானைட் துண்டுகள். என் கையில் எல்லாவற்றையும்விட நன்றாகப் படிந்தவை கிளினிக்கில் கழித்த இரண்டு சாமான்கள்தான். பல்லில் அடைக்கிற சிமென்டைக் குழைக்கும் ஸ்பாட்டுலா ஒன்று, பல்லைக் குத்திப் பார்க்கிற, முனை மழுங்கிய புரோப் ஒன்று. ஸ்பாட்டுலா இருந்தால் கோந்தைத் தோசை மாவு மாதிரி மெல்லிசாக இழுக்கலாம். புரோப் இருந்தால் ஒட்டிய தாளின் ஒரு மூலையைக் கிழியாமல் கிளப்பலாம். கிளினிக்கில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் நாங்கள் பூஜை போடுவோம். பல் நாற்காலி, கம்ப்ரெஸர், எக்ஸ்ரே மெஷின், கருவித் தட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அந்த ஸ்பாட்டுலாவுக்கும் புரோப்புக்கும் நானே என் கையால் எத்தனையோ வருஷம் பொட்டு வைத்திருக்கிறேன்.

மக்கு விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பழைய தாள் ஒன்று தேவைப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன். தரை தட்டுப்பட்டது. நன்றாகத் துடைத்த, ஈரம் காய்ந்த தரை.

"அத்தே, என் கோணிங்க எங்க?"

"அதான் கச வண்டில போடாத, நல்லபடியா குஜரிக்காரன்கிட்ட குடுத்து மக்கு வாங்கினனே. பூஜ வருதில்ல, கட்லு அடியில கசத்த வெச்சிக்கினு எப்படிக் கும்புடறது?"

எங்கள் பக்கம் குப்பையைக் கசம் என்போம், பழைய சாமான் கடையைக் குஜரி என்போம். நான் பாத்ரூமுக்குப் போய் அந்த மக்கைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டே தெருவில் நடந்தேன். செருப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை. ஒரு பெண்பிள்ளை வெறும் மக்கோடு கோபமாக நடந்து போனால் தெருவில் எல்லோரும் வழி விடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

குஜரிக்காரர் கடை அடைக்கிற சமயம். தர்மபுரிப் பக்கத்து மனிதர், பல வருஷமாக இங்கே கடை வைத்திருக்கிறார்.

"ண்ணா, மத்தியானம் எங்க வீட்ல ரெண்டு கோணி எடுத்தீங்களே, அது எங்கீது?"

"எத்தினியோ வீட்ல எடுத்தேம்மா. பூஜ டைமு."

"உள்ள போஸ்டரு, தகரம், துணி எல்லாம் கலந்து இருக்கும். இன்னொண்ணுல முழுக்கக் கல்யாணப் பத்திரிக."

அவர் முகம் மாறியது. "பத்திரிக கோணி அட்டையோட லோடாயி லாரி பூட்ச்சும்மா." என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, உடனே மூலையைக் காட்டினார். "அந்த இன்னொரு கோணி கீது. அத்த இன்னான்னு சேக்கறது சொல்லு? பேப்பர்ல போட்டா துணி கீது. துணில போட்டா தகரம் கீது. தகரத்துல போட்டா பேப்பரு ஒட்டிக்கினு கீது. எதுலயும் சேராதன்னு கடாசி வெச்சிட்டேன்."

மல்லேஸ்வரத்தில் இருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த அத்தனை வெல்வெட்டும் பட்டு நூலும் மஞ்சள் கறையும் ஏதோ ஒரு மில்லில் கூழாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்பதற்காகவே இன்னும் கோபப்பட்டேன். மக்கை நீட்டினேன். "ஒரு கோணிதான திரும்பிச்சு, மக்கு நீயே வெச்சிக்கோம்மா" என்றார் நியாயமாக. நான் அதை அவருடைய தராசின் மேல் வைத்துவிட்டு, மிச்சமிருந்த கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மக்கில் ஒரு நாள்கூட நான் குளிப்பதாக இல்லை.

வீட்டில் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். நல்ல மனுஷர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு, "ஒரு மூட்ட குப்பைக்காக அம்மாகிட்ட சண்ட போடுவியா?" என்று கேட்டார். நான் கோணியை இறக்கி வைத்துவிட்டு, அதே கட்டிலின் அடியில் இன்னொரு பக்கத்தைக் காட்டினேன். அவர் கழற்றிப்போட்ட செம்புக் குழாய்த் துண்டுகள், எரிந்துபோன மோட்டார், எந்த மெஷினுக்கும் சேராத திருகாணிகள் நிறைந்த பெயின்ட் டப்பா. நான் கல்யாணமாகி வந்த வருஷத்தில் இருந்து அங்கேயே இருக்கின்றன. மாமியார் அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்திருந்தார்.

"இது மட்டும் இன்னாங்க?"

"அது வேல சாமான்" என்றார். யோசிக்கவே இல்லை. கேட்டதும் வந்த பதில் அது. அதுதான் எனக்குத் தைத்தது.

"என்னுதும் வேல சாமான்தான். இந்த வருஷம் பூஜைல வெப்பேன்" என்றேன். அவர் ரசத்தைக் கலக்கிக்கொண்டு சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை.

பூஜை அன்று காலையில் ஹாலில் பாய் விரித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். கணவரின் டூல் பையில் இருந்த ஸ்பேனர், கேஸ் அளவு பார்க்கிற கேஜ், டிரில் மெஷின். மாமியாரின் அரிவாள்மனை. மிக்ஸி. கல்லூரியில் படிக்கிற என் மகளின் லேப்டாப். அதன் பக்கத்தில் அவள் தலைமுடியை நேராக்குகிற கருவி. வாசலில் பைக்குக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று. நான் என் கத்தரிக்கோல், கட்டர், ஸ்பாட்டுலா, புரோப் எல்லாவற்றையும் துடைத்து, ஒரு எவர்சில்வர் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து டிரில் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். பரீட்சைப் பேப்பரைக் கொடுக்கிறவள் மாதிரி நின்றேன்.

மாமியார் தட்டை இரண்டு கையாலும் எடுத்து என்னிடமே நீட்டினார்.

"இத்த உள்ள வெய்யி. இது ஆயுதம் வெக்கற எடம்."

"இதுவும் ஆயுதம்தான் அத்தே."

"இன்னா ஆயுதம்? இத்த வெச்சி நீ இன்னா தொழில் பண்ற? ஒட்றதும் கிழிக்கறதும் வெளாட்டு. வெளாட்டு சாமானுக்கெல்லாம் பொட்டு வெப்பாங்களா?"

"முடிய நேராக்கறதுக்கு வெச்சிக்கீறீங்களே, அது எந்தத் தொழில்?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். மாமியார், "அது கரண்ட்ல ஓடற மெஷினு" என்றார். கணவர் வெளியில் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, "சும்னே பேசிக்கினு நிக்காதீங்க, நேரம் ஆவுது" என்று குரல் கொடுத்தார். அதே ஸ்பாட்டுலாவுக்கு ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் கற்பூரம் காட்டுவார்கள், என் கைக்கு வந்ததும் அது விளையாட்டுச் சாமான். இரும்பு அதே இரும்பு. பிடிக்கிற கைதான் மாறியிருக்கிறது. என்னைத்தான் அந்த வரிசையில் இருந்து எடுத்து உள்ளே வைக்கச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பூசணிக்காய் உடைத்தாயிற்று, பொரி, கடலை, வாழைப்பழம் பிரித்துக் கொடுத்தாயிற்று. மத்தியானச் சாப்பாடும் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் வேலை கிடையாது. பொட்டு வைத்த சாமானை மறுநாள் காலை வரைக்கும் தொடக் கூடாது. ஃபோன் வந்தபோதுகூட, "இன்னிக்கு டூல எடுக்க மாட்டேன் சார், நாளிக்கு வரேன்" என்று கணவர் சொல்லிவிட்டார். எல்லோரும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஹாலின் நடுவில், பூஜை வரிசைக்கு நேர் எதிரே, ஒரு நியூஸ் பேப்பரை விரித்தேன். தட்டையும் உருளைக் கட்டையையும் கிரானைட் துண்டுகளையும் கொண்டுவந்து வைத்தேன். கோணியைப் பிரித்தேன். கத்தரிக்கோலை எடுத்து ஒரு போஸ்டர் தாளை வெட்ட ஆரம்பித்தேன்.

சாணை பிடித்த புதிது. சத்தம் நன்றாகக் கேட்டது.

"ஐயையோ, இன்னாடி பண்ற? நல்ல நாளும் அதுவுமா கத்திரியத் தொட்றியே!"

"இது ஆயுதம் இல்லன்னு நீங்கதான அத்தே சொன்னீங்க. வெளாட்டு சாமான். வெளாட்றேன்."

மாமியார் மகனைப் பார்த்தார். மகன் மொபைலைப் பார்த்தார். நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். வெட்டியதை அட்டையில் இருந்த டிரம் மூடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தேன், மாற்றினேன், கோந்தை எடுத்தேன். உண்மையைச் சொன்னால், ஆரம்பித்தது வீம்புக்குத்தான். அரை மணி நேரத்தில் வீம்பு போய் வேலை பிடித்துக்கொண்டது. அந்த நீலத் தாளுக்கு அடியில் தையல்கடை அக்கா கொடுத்த ஆரஞ்சு லைனிங் ஒரு கீற்று மட்டும் தெரியும்படி வைத்தபோது, ஆறு வருஷத்தில் நான் செய்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று தோன்றியது. ஒரு கோணி போன ஆத்திரம் எல்லாம் அந்த அட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு மேல் எதிர்வீட்டம்மா அவர்கள் வீட்டுச் சுண்டலோடு உள்ளே வந்தார். வாசற்படியில் நின்றபடியே என்னைப் பார்த்தார். பூஜை வரிசையைப் பார்த்தார். மறுபடி என் கையைப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, ஆயுத பூஜ அன்னிக்கி உன் மருமவ வேல செஞ்சிக்கினு கீது?"

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். விளையாடுகிறாள் என்று சொல்லலாம். நாற்பத்து மூன்று வயது மருமகள் கோந்துக் கையோடு, வியர்த்து, முழங்காலில் நின்றுகொண்டு, பல்லைக் கடித்து அட்டையை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே அதை எப்படிச் சொல்வது? எதிர்வீட்டம்மா சுண்டலை வைத்துவிட்டு, போகும்போது "தோஷம்க்கா, நிறுத்தச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமியார் எழுந்தார். சாமி படத்துக்கு முன்னால் இருந்த சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். என் கையில் இருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கி, அதன் கழுத்தில் சந்தனத்தை வைத்து, மேலே குங்குமத்தை வைத்தார். கட்டருக்கு வைத்தார். உருளைக் கட்டைக்கு வைத்தார். கோந்து காயாத ஸ்பாட்டுலாவுக்கும் புரோப்புக்கும் வைத்தார். கிரானைட் துண்டுகளைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் தட்டில் அள்ளி, டிரில் மெஷினைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் வைத்தார்.

"இப்ப ஆயுதம். விடியற வரிக்கும் கை வெக்காத."

கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. காலையில் மரியாதையாகக் கேட்டபோது கிடைக்காத பொட்டு, என் வேலையை நிறுத்துவதற்கு என்றதும் கிடைக்கிறது. அட்டையில் கோந்து இழுத்து வைத்திருந்தேன், தாள் இன்னும் வைக்கவில்லை. கருவி இல்லாமல் கையால் ஒட்டினால் சுருங்கும். என் கண் முன்னாலேயே அது காய்ந்து கண்ணாடி மாதிரி ஆனது. அதற்காக நான் கத்தரிக்கோலைத் திரும்ப எடுக்கவும் இல்லை. பொட்டு வைத்த சாமானை அந்த நாளில் எடுக்கக் கூடாது என்பதில் எனக்கும் நம்பிக்கை உண்டு. இல்லாவிட்டால் அந்தத் தட்டை எதற்காக அங்கே கொண்டுபோய் வைத்தேன்?

கை கழுவிக்கொண்டு வந்து நானும் சுவரில் சாய்ந்து காலை நீட்டினேன். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் ஆயுத பூஜை அன்று சாயங்காலம் நான் அப்படி உட்கார்ந்ததில்லை. டிவியில் ஏதோ ஓடியது. ஏழு மணி ஆனது. மாமியார் சமாதானக் குரலில் கேட்டார்.

"ராத்திரிக்கு இன்னா பண்ணப் போற? ஒரு உப்மாவாவது கிண்டேன்."

நான் எழுந்து சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டேன். கேஸ் அடுப்பின் நெற்றியில், இரண்டு திருகுக்கும் நடுவில், காலையில் மாமியார் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து இருந்தன. வருஷா வருஷம் வைக்கிறதுதான். வருஷா வருஷம் அதன் மேலேயே நான் தீக்குச்சியைக் கிழித்திருக்கிறேன். ஒரு தடவைகூட யாரும் கூடாது என்று சொன்னதில்லை.

"அத்தே, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். பின்னாலேயே கணவரும் மகளும் வந்து வாசலில் நின்றார்கள். நான் அடுப்பைக் காட்டினேன்.

"இதுக்கும் பொட்டு வெச்சிக்கீறீங்க."

மாமியார் அடுப்பைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, விளக்கை அவரே அணைத்தார்.

அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் நாலு பேரும் பொரியும் கடலையும் வாழைப்பழமும் தின்றுவிட்டுப் படுத்தோம்.